கால் வலி என்று போனவனுக்கு மூச்சு ஏன் திணறியது?

வணக்கம் சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 19 வயது, பிறவியிலேயே அரிவாள் செல் நோய், எஸ்எஸ் வகை, அதாவது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்த வகை. போன மாதம் தொடையிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். வலி ஊசி, டிரிப்ஸ் என்று இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல், நெஞ்சில் குத்தல், மூச்சுத் திணறல், விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் அளவு 86. ஐசியுவுக்கு மாற்றி, அவன் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றி, ஆறு நாள் கழித்துத்தான் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து இப்போது மூன்று வாரம் ஆகிறது. "காலுக்குத்தானே சேர்த்தோம், நுரையீரலை அவர்கள்தான் கெடுத்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடி வருமா, எழுதிக்கொடுத்த ஹைட்ராக்ஸியூரியா புற்றுநோய் மாத்திரையாமே, எக்கோ என்கிற இதய ஸ்கேனில் 2.7 என்று எழுதியிருக்கிறதே, நண்பர்களோடு மலைக்குச் சுற்றுலா அனுப்பலாமா என்பவை மற்ற கேள்விகள்.

நான் நுரையீரல் மருத்துவர். இந்த நோய்க்கு முதல் மருத்துவர் ரத்த நோய் நிபுணர்தான், அவர் சொல்வதை நான் மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நோயாளிகள் மூச்சு முட்டும்போது எங்கள் பக்கம்தான் வருகிறார்கள், அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் கேள்வியில்தான் உங்கள் மனம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. கால் வலிக்காகச் சேர்ந்து நெஞ்சில் போய் முடிவது இந்த நோயில் அபூர்வம் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 538 பேருக்கு வந்த 671 நெஞ்சுத் தாக்குதல்களை, அதாவது இந்த நோயால் திடீரென்று நுரையீரலில் வரும் கோளாறுகளை, பார்த்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே வேறு காரணத்துக்காக, பெரும்பாலும் வலிக்காக. சேர்ந்து சராசரியாக இரண்டரை நாள் கழித்துத்தான் நெஞ்சில் கோளாறு தெரிந்தது. உங்கள் தம்பியின் அந்த மூன்றாம் நாள் காலை அப்படியே இதில் பொருந்துகிறது. இதற்குப் பெயர் அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம். டிஸ்சார்ஜ் தாளில் ஏசிஎஸ் என்று மூன்றே எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு விஷயம் கவனம், இதய மருத்துவர்கள் இதே மூன்று எழுத்தை மாரடைப்பு வகைக்கு எழுதுவார்கள். அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் தாளை நீட்டிவிட்டு நிற்காதீர்கள், "அரிவாள் செல் நோய், நுரையீரலில் வந்தது" என்று வாயாலும் சொல்லுங்கள்.

சரி, காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? இந்த நோயில் சிவப்பு அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை இறக்கி வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குச்சி குச்சியாக நீளும், அணு வளைந்து விறைத்துப் போகும். நுரையீரலுக்கு வந்து ஆக்ஸிஜன் கிடைத்ததும் அவற்றில் பல மறுபடி நிமிர்ந்துவிடும். அதாவது வளைந்த அணுக்களைச் சரிசெய்து அனுப்புகிற இடமே நுரையீரல்தான். அங்கேயே ஒரு மூலையில் காற்று போகாமல் நின்றுவிட்டால், அந்த மூலைக்கு வந்த அணுக்கள் நிமிராமல் அப்படியே குழாயை அடைத்துக்கொள்ளும், அடைத்ததால் உடம்புக்குப் போகும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், குறைந்ததால் இன்னும் அதிக அணுக்கள் வளையும், அவை திரும்பவும் நுரையீரலுக்கே வந்து சேரும். காலையில் லேசான குத்தலாக இருந்தது சாயங்காலம் ஐசியுவில் முடிவது இந்தச் சுழலால்தான்.

அந்த மூலையில் காற்று நிற்பதற்கும் குழாய் அடைபடுவதற்கும் பல வழிகள் உண்டு. தொடை, இடுப்பு எலும்புகளுக்குள் மஜ்ஜை இருக்கிறது, அங்கே ரத்தம் போகாமல் மஜ்ஜை செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பயங்கர வலிக்கு அர்த்தம். செத்த மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துளிகள் கசிந்து ரத்தத்தில் கலந்து நேரே நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நான் சொன்ன ஆய்வில் காரணம் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் முன்னணியில் நின்றவை இரண்டு, ஒன்று இந்தக் கொழுப்பு அடைப்பு, இன்னொன்று கிருமித் தொற்று. ஆக, காலில் வந்த வலியும் நெஞ்சில் வந்த திணறலும் இரண்டு வேறு நோய்கள் இல்லை.

இதை விடச் சாதாரணமான வழி ஒன்றும் உண்டு, அதைப் பற்றித்தான் நான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். விலாவிலோ முதுகிலோ வலி இருப்பவன் ஆழமாக மூச்சு விட மாட்டான். விட்டால் குத்தும். படுத்தபடி, அசையாமல், மேலோட்டமாக மூச்சு விடுவான். கூடவே மார்ஃபின் போன்ற வலி மருந்து தூக்கத்தைக் கொடுக்கும், மூச்சின் எண்ணிக்கையைக் குறைக்கும். இரண்டு நாள் இப்படிக் கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆளுக்கு அது பெரிய ஆபத்தில்லை. உங்கள் தம்பிக்கு, மேலே சொன்ன சுழல் ஆரம்பிக்க அது போதும். வலி நோயாளிக்குத் தண்ணீர்ச் சத்து குறையக் கூடாதுதான், ஆனால் அளவுக்கு மிஞ்சி டிரிப்ஸ் ஏறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அவர்கள் கெடுத்தார்களா என்று தாள்களைப் பார்க்காமல் நான் சொன்னால் அது நியாயமாக இருக்காது. சேர்க்காமல் வீட்டில் வைத்திருந்தால் இது வந்திருக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். வீட்டிலேயே வந்திருக்கலாம், 86 என்று காட்ட ஒரு கருவி இருந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஐசியுவிலிருந்து வந்த பிறகு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள், அது கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுங்கள். அதற்குப் பெயர் இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர், பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். 1995-இல் இதே நோய் உள்ள, 8 முதல் 21 வயது வரையுள்ளவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. நெஞ்சிலோ முதுகிலோ வலி என்று சேர்ந்தவர்களில் ஒரு பிரிவினரை, பகல் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தக் கருவியில் பத்து தடவை ஆழமாக இழுக்க வைத்தார்கள். மற்றப் பிரிவுக்கு அது இல்லை. கருவி இல்லாத 19 முறை சேர்க்கையில் 8 தடவை நுரையீரலில் கோளாறு வந்தது. கருவியோடு இருந்த 19-இல் ஒரே ஒரு தடவை. சின்ன ஆய்வுதான், ஆனால் பக்கவிளைவே இல்லாத ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்?

பலரும் அதில் செய்கிற தவறு, ஊதுவது. ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். உட்கார வையுங்கள், படுத்துக்கொண்டு செய்தால் பயன் குறைவு. முதலில் மூச்சை முழுதாக வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் துள்ளி மேலே போய் உடனே விழுந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காற்று அடிப்பகுதி வரை போயிருக்காது. ஒன்றிரண்டு பந்து மேலே போய் சில நொடி அங்கேயே நிற்பதுதான் நமக்கு வேண்டும். வலி இல்லாத இப்போதே பழகட்டும். அவன் நன்றாக இருக்கும்போது எத்தனை பந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், வலி வந்த நாளில் பந்து எழும்பவில்லை என்பதை அவன் சொல்வதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுவீர்கள். அடுத்த தடவை எந்த வலிக்காகச் சேர்த்தாலும் பையில் துணியோடு இதுவும் போகட்டும், முதல் மணி நேரத்திலிருந்தே இழுக்கச் சொல்லுங்கள்.

இழுக்கவே முடியாத அளவு வலித்தால், வலி மருந்து போதவில்லை என்று அர்த்தம். அதை நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள். பழகிவிடுமோ என்று பயந்து வலி மருந்தைக் குறைக்கச் சொல்கிற குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன், அது தப்பு. ஆழமாக மூச்சு இழுக்க முடிகிற அளவுக்கு வலி அடங்க வேண்டும், கூப்பிட்டால் கண் திறந்து தெளிவாகப் பேசுகிற அளவுக்கு விழிப்பும் இருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மருந்தின் அளவு நிற்க வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு ராத்திரி டூட்டியில், இதே நோயுள்ள ஒரு பையனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். உங்கள் தம்பி வயதுதான் இருக்கும். கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வலது விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு வார்த்தை சொன்னான். மூக்கின் ஓரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கியது. எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. படம் நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். காலையில் எடுத்த படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் நான் இழந்த அந்த ஆறு மணி நேரம் அவனுக்கு வென்டிலேட்டராக முடிந்தது. எக்ஸ்ரே எப்போதும் பின்னால்தான் வரும், நோயாளியின் மூச்சு முன்னால் வரும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். ஆகவே யாராவது "எக்ஸ்ரே கிளியர்" என்று சொன்னாலும், அவன் இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதாவது விரலில் மாட்டும் அந்தக் கருவி, இருக்கட்டும், ஆனால் அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நோயுள்ள பலருக்கு நன்றாக இருக்கும் நாளிலேயே 94, 95 என்றுதான் காட்டும். அதனால் அவன் நல்லபடியாக இருக்கும் இப்போது, ஒரு வாரம் உட்கார்ந்த நிலையில் அளந்து அவனுடைய வழக்கமான எண் எது என்று எழுதி வையுங்கள். அதிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் மாறும், கருமையான தோலில் உண்மையை விடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். எண் நன்றாக இருக்கிறது, ஆனால் பையன் திணறுகிறான் என்றால் பையனை நம்புங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், புதிதாக நெஞ்சு வலி, இருமல், இளைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் போதும், காலை வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே சுருங்கிச் செயலிழந்துவிடுகிறது, காய்ச்சலை நாட்டு மருந்தோடு இரண்டு நாள் பார்க்கிற வசதி இவர்களுக்கு இல்லை. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசிகள், வருடா வருடம் ஃப்ளூ ஊசி, இவை போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

மறுபடி வருமா? வரலாம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு முறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு, வராதவரை விட அதிகம். ஆறு வயதில் இரண்டு தடவை நிமோனியா வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அவையும் இதுவாகவே இருந்திருக்கக்கூடும். வயது கூடக் கூட ஒவ்வொரு தாக்குதலும் கடுமையாகிறது. குழந்தைக்கு அடிக்கடி வந்து லேசாகப் போகும், பெரியவர்களுக்கு எப்போதாவது வந்து உலுக்கிவிடும். அதனால்தான் அடுத்த கேள்விக்கு நான் கொஞ்சம் அழுத்தமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

ஹைட்ராக்ஸியூரியா புற்றுநோய் மாத்திரைதான், சில ரத்தப் புற்றுநோய்களுக்கு அது கொடுக்கப்படுகிறது, உங்கள் உறவினர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு அது கொடுக்கப்படுவதன் காரணம் வேறு. தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறு ஒரு ஹீமோகுளோபின் இருந்தது, பிறந்து சில மாதங்களில் அது குறைந்துவிடும். அந்தக் குழந்தை ஹீமோகுளோபின் இருக்கும் அணு எளிதில் வளையாது. இந்த மாத்திரை அதை மறுபடி கூட்டுகிறது. 299 பெரியவர்களிடம் நடந்த சோதனை முடிவு 1995-இல் வந்தது. வலித் தாக்குதலும் சரி, நெஞ்சுத் தாக்குதலும் சரி, கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், மாத்திரை எடுத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றுதான் தெரிந்தது, புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரை வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் அளவுக்கு மீறிக் குறைக்கலாம், அதனால் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மாத்திரை எடுக்கும் காலத்தில் விந்தணு எண்ணிக்கை குறையலாம் என்பதும் உண்மை, இதை 19 வயதுப் பையனிடம் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டும். தொடங்குவதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா என்று ரத்த நோய் மருத்துவரிடம் அவனே தனியாகக் கேட்கட்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொன்று, இது வலி மாத்திரை மாதிரி இன்று போட்டால் நாளை வேலை செய்வது இல்லை, முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தியவர்கள்தான் என்னிடம் திரும்பி வருகிறார்கள். அதற்குப் பிறகும் தாக்குதல் தொடர்ந்தால் மாதாமாதம் ரத்தம் ஏற்றுவது, மஜ்ஜை மாற்று என்று அடுத்த படிகள் உண்டு, அது ரத்த நோய் மருத்துவருடைய களம்.

எக்கோவில் 2.7. இதய வலப்பக்க வால்வு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும், அது எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்பதுதான் அந்த எண், நொடிக்கு 2.7 மீட்டர். நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடினால் இந்த வேகமும் கூடும். 2.5-க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம், இந்த நோயுள்ள பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அப்படி இருக்கும். ஆனால் இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி நேரடியாக அளந்து பார்த்தால், உண்மையான நுரையீரல் ரத்த அழுத்தம் என்று உறுதியாவது நூற்றில் ஆறு முதல் பத்துப் பேருக்குத்தான். அதோடு, உங்கள் தம்பிக்கு எக்கோ எடுத்தது ஐசியுவில் இருந்தபோது. நெஞ்சுத் தாக்குதல் நடக்கும்போது எடுத்தால் பலருக்கும் அந்த எண் ஏறித்தான் இருக்கும். முழுதாகத் தேறி, குறைந்தது நான்கு வாரமாவது கழித்து அமைதியான நாளில் மறுபடி எடுத்தால்தான் அதற்கு அர்த்தம். அன்றைக்கும் அப்படியே இருந்தால் ஆறு நிமிட நடைச் சோதனையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் மட்டும் அந்தக் குழாய்ச் சோதனை. அதுவரை யாராவது சில்டெனாஃபில் எழுதிக்கொடுத்தால் ஆரம்பிக்காமல் எங்களைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். நுரையீரல் அழுத்தத்துக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் இந்த நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது வலித் தாக்குதல் கூடியதால் சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது.

அதற்காக இதை அலட்சியப்படுத்தவும் கூடாது. அரிவாள் அணுக்கள் 10, 20 நாளிலேயே உடைந்துவிடுகின்றன, சாதாரண அணு 120 நாள் இருக்கும். உடையும்போது வெளியே கொட்டும் ஹீமோகுளோபின், குழாய்களை விரித்து வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது, வருடக்கணக்கில் இப்படி நடந்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகும். வலியே இல்லாமல் மெல்ல வரும் கோளாறு இது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்று வாரத்தில் அது இருக்கலாம். இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், அல்லது கால் வீங்கினால், ரத்தசோகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில், அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லி, அறையில் நண்பர்களோடு அவன் புகைப்பது போலத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை அவனிடம் நேராகவே பேசுங்கள், திட்டாமல். சிகரெட்டும் சரி, வேப்பும் சரி, அவன் விஷயத்தில் சமாதானமே கிடையாது. புகை காற்றுக் குழாயை வீங்க வைக்கும், அதற்கு அப்புறம் நான் மேலே சொன்ன சுழல்தான். கூடவே அவனுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று ஒரு நுரையீரல் செயல்திறன் சோதனை செய்துவிடுங்கள், ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவர்களுக்கு நெஞ்சுத் தாக்குதல் அடிக்கடி வருகிறது, இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தால் அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் இளைப்பு என்று போனதும் யாராவது ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுக்க வந்தால் நோயின் பெயரைச் சொல்லுங்கள், அதை நிறுத்தியதும் எலும்பு வலி திரும்பி அடிக்கக்கூடும். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா என்றும் ஒரு நாள் கவனியுங்கள், தூக்கத்தில் ஆக்ஸிஜன் குறைவது அவனுக்கு நல்லதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த வாரங்களில் முக்கியம். ரத்தம் மாற்றி ஏற்றியவர்களில் சிலருக்கு, சில நாட்களிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்குள், ஏற்றிய ரத்தத்தை உடம்பு உடைக்க ஆரம்பிக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மறுபடி வலி வரும், சோர்ந்துவிடுவான். அதைப் பழைய வலிதான் என்று நினைத்து இன்னொரு பாட்டில் ரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், நிலைமை மோசமாகும். எந்தத் தேதியில் ஏற்றியது என்று சொல்லி உடனே காட்டுங்கள். அவன் ரத்தத்தின் துணை வகைகள், சி, ஈ, கெல் ஆகியவை எழுதிய தாள் ரத்த வங்கியில் கிடைக்கும், ஒரு நகல் வாங்கி அவன் பர்ஸில் வையுங்கள்.

சுற்றுலா. அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நண்பர்கள் இந்தப் பயணத்தைப் பற்றித்தான் செய்தி அனுப்பியிருப்பார்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம். உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்ஸிஜன் குறையும், அங்கே குளிரும் சேரும், இரண்டுமே அணுக்களை வளைக்கும், அவன் நுரையீரல் இன்னும் ஆறவில்லை. எக்கோ திரும்ப எடுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்காத நிலைக்கு வந்த பிறகு, 2,000 மீட்டருக்குக் கீழே உள்ள இடமாக, கூட ஒரு நண்பனுக்காவது எல்லாம் சொல்லி வைத்து, தண்ணீர் பாட்டிலோடும் ஸ்வெட்டரோடும் போய்வரட்டும். விமானத்தில் போனாலும் உள்ளே இருக்கும் காற்று, ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு மெலிந்திருக்கலாம், அதனால் வழக்கமான ஆக்ஸிஜன் எண் குறைவாக இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். போகாதே என்று சொல்வதை விட, எப்போது போகலாம் என்று ஒரு தேதியை அவனோடு உட்கார்ந்து குறியுங்கள். அந்த எக்கோவுக்கும் ஒரு தேதி வாங்கிவிட்டு, முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், பந்து எத்தனை நிற்கிறது என்பதையும் சேர்த்து.